லாபம், இரண்டு, மூன்று

எங்கள் ஆம்பூரில் வீட்டு மனையும் சதுர அடிதான், தோலும் சதுர அடிதான். அதே மனை பத்திரத்தில் சென்ட் என்று இருக்கும். அதை விற்ற பெரியவர் சாகும்வரை குழி என்றுதான் சொன்னார். பூ முழத்தில் வரும். நகைக்கடையில் பெண்ணுக்குச் சவரனில் கேட்டால், பில்லில் கிராம் என்று அடிப்பார்கள். பால் அரை லிட்டர் பாக்கெட்டில் வருகிறது, அதைக் காய்ச்சியதும் ஆழாக்கில்தான் நான் கணக்கு வைக்கிறேன். நாலாவதோடு நின்றவள் நான். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அளவில் என்னை யாரும் ஏமாற்றியது கிடையாது. கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற மேஜையில் நின்றே தலை நரைத்தவள். அந்தச் சம்பளத்தில் கட்டிய வீடுதான் இது. கீழே ஒரு போர்ஷன் வாடகைக்கு, மேலே நான்.

அளவுகளை நான் எனக்குள்ளேயே இனம் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு இனம், ஜாஸ்தியானால் மனசு குளிர்கிற அளவு. அரிசியைப் படியில் அள்ளிக் கோபுரமாகக் குவிப்பார்களே, அது. பூக்காரி முழம் போட்டபிறகு ஒரு விரற்கடை விட்டுக் கிள்ளுவாளே, அதுவும் இந்த இனம்தான். இன்னொன்று தலை தட்டிய அளவு. எண்ணெய், சர்க்கரை, சதுர அடி எல்லாம். கூடினாலும் குறைந்தாலும் சண்டை வரும், ஆனால் சண்டையோடு போய்விடும். பிடி, சிட்டிகை, கைப்பதம் என்று சமையல்கட்டில் சொல்வதை நான் எதிலும் சேர்க்கவில்லை. அது அவரவர் கைக்குச் சொந்தம்.

கடைசியாக ஒரு இனம் உண்டு. ஒரு மயிரிழை தவறினாலும் திரும்பி வராதது. அதற்குப் பெயர் பாயிண்ட்.

தோலின் கனத்தைப் பாயிண்டில்தான் சொல்வோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பாயிண்ட். ஷூவுக்கு மேல்தோல் எட்டு பத்து வேண்டும் என்று ஆர்டர் வந்தால், ஒரு மில்லிக்கு உள்ளேயே பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையக் கூடாது, முழு மில்லியைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். ஆனால் பாயிண்ட் என்ற சொல்லை எவரும் வாயில் வைப்பதில்லை. "இது எட்டு, அது பன்னெண்டு" என்றுதான் பேச்சு. நிஜமாகவே எட்டு மில்லி கனத்தில் ஷூவுக்கு மேல்தோல் யார் கேட்கப் போகிறார்கள்? அதனால் குழப்பமே வந்தது கிடையாது. என் காலத்தில் அப்படி, இப்போது கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் பிள்ளை காலத்திலும் அப்படியே.

அந்தப் பிள்ளை தோல் கம்பெனியில் ஷேவிங் மிஷின் ஓட்டுகிறான். தோலைச் சீவிச் சீவிக் கனத்தைக் குறைக்கிற மிஷின் அது. நாள் முழுக்க அவன் வாயில் எட்டும் பத்தும்தான். அவன் பெண்சாதி ஷூ கம்பெனியில் தையல். அவர்களுக்கு ஒரு பெண் கைக்குழந்தை. பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்தாள். காவேரிப்பாக்கம் ஏரி பாய்ச்சலில் நெல் விளைகிற கிராமம். வரும்போது ஒரு மூட்டை அரிசியும் ஒரு இரும்புப் படியும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நான் அவளைக் காவேரிப்பாக்கத்தம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை அக்கா என்பாள், ஆனால் அந்த அக்காவில் கொஞ்சம் புளிப்பு இருக்கும். வந்த புதிதில் ஒருநாள் வாசலில் உட்கார்ந்து மூட்டை அரிசியைப் படியால் அளந்து டின்னில் கொட்டிக்கொண்டிருந்தாள். "லாபம்" என்று ஒரு படி. "ரெண்டு" என்று ஒரு படி. "மூணு" என்று ஒரு படி.

"இன்னாம்மா, ஒண்ணு எங்க போச்சு?" என்றேன்.

"எங்க ஊர்ல மொதல் படிய ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம் அக்கா. லாபம்னு ஆரம்பிச்சாத்தான் பெருகும்."

"களத்துல அளக்கறதுக்கு சரி. மருமவன் வீட்டு டின்னுல கொட்டறதுக்கு இன்னா லாபம்?"

"ஏன், எம் மாப்ள கிட்ட இருந்து மாசா மாசம் வாடகை வாங்கறீங்களே, லாபம் உங்களுக்கு மட்டும் போதும்ன்றீங்களா?"

சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் அரிசி அளக்கும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அவள் குரல் கொஞ்சம் இழுவை. "லா…பம்" என்று இழுத்து, படியைக் கவிழ்த்து, அரிசி சொரசொரவென்று விழுந்தபிறகுதான் அடுத்த எண் வரும்.

குழந்தைக்கு ஜுரம் வந்த நாளும் எப்போதும்போலத்தான் விடிந்தது. காலையிலேயே அப்பாவும் அம்மாவுமாகத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, ஒரு சின்ன பாட்டில் மருந்தோடு வந்தார்கள். பாட்டில் மூடியிலேயே உறிஞ்சிச் சொட்டு விடுகிற டிராப்பர் ஒன்று இருந்தது, அதில் கோடு கோடாக இருந்தது. அந்தப் பெண் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். பையன் வண்டியை உதைத்தபடி, தலையில் ஹெல்மெட்டோடு மாமியாரிடம் சொன்னான்.

"ஜுரம் ஜாஸ்தியாச்சுன்னா எட்டு குடுத்துடுங்க அத்தை. ஒரு தடவ குடுத்தா ஆறு மணி நேரம் கேப் விடணும்."

"எட்டா?"

"ஆமா, எட்டு."

நான் அப்போது மிளகாய்க் கூடையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். எட்டு என்றது என் காதில் விழுந்தது. என் காது கம்பெனிக் காது. ஒரு மில்லிக்குள் எட்டுப் பங்கு என்று அதுவே எடுத்துக்கொண்டது. யோசிக்கக்கூட இல்லை. ஏரிப் பாசனத்தில் வளர்ந்த காதில் அது எப்படி விழும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்ற வேண்டிய காரணமும் இல்லை.

மாடியில் மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியிருந்தது. கீழே குழந்தை சிணுங்கியது, பிறகு அழுதது. கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவின் குரல் கேட்டது.

"லா…பம்."

அரிசி அளக்கிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு."

குழந்தை ஜுரத்தில் கிடக்கும்போது இவளுக்கு அரிசி என்ன அவசரம் என்று ஒரு நினைப்பு. "மூணு. நாலு." யாரோ விருந்தாளி வருகிறார்கள்போல, ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் இறங்கினால் தண்ணீர் மோட்டாரை இரண்டு தடவை போட வேண்டியிருக்குமே என்று நான் பாட்டுக்கு வீட்டுக்காரி கணக்குப் போட்டேன். "அஞ்சு." குழந்தை இருமியது. "ஆறு… சரி சரி, முழுங்கு கண்ணு… ஏழு."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அரிசி விழுகிற சத்தம் இல்லை.

படி கவிழ்ந்தால் டின்னில் சொரசொர என்று கேட்க வேண்டும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் அந்தச் சத்தம்தான் வர வேண்டும். வந்தது குழந்தையின் இருமல்.  கையில் மிளகாய்க் காரம் எரிகிறது, உடம்பு மட்டும் சில்லிடுகிறது. மாடிப்படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலை மிதிக்கும்போது "எட்டு" என்றாள்.

குழந்தையை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடை, அதன் மூக்கில் மருந்தின் சிவப்பு. டிராப்பர் அவள் விரலில் இருந்தது.

"இன்னாம்மா குடுத்தீங்க?"

"மருந்துதான். மாப்ள எட்டு சொன்னாரே."

"எட்டுன்னா எதுல எட்டு?"

அவள் டிராப்பரைத் தூக்கிக் காட்டினாள். மேல் கோடு வரை விரலை ஓட்டினாள். "இது நெறைய நெறைய எடுத்து, பாலாடைல ஊத்தி ஊத்தி…"

நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, அவள் துள்ளினாள். முட்டி பட்டுப் பாட்டில் சாய்ந்தது. மருந்து பாய் முழுக்க ஓடியது. நிமிர்த்தி வைக்கும்போது அடியில் கொஞ்சம்தான் இருந்தது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு பாயில் போனது என்று அந்தப் பாட்டிலைப் பார்த்து இனி யாராலும் சொல்ல முடியாது.

"எதுக்கக்கா கத்தறீங்க? புள்ள பயந்துக்கும்."

"அது எட்டு இல்லம்மா. அந்தக் குழாய்ல ஒரு முழுசு கூட இல்ல. ஒரு முழுசுக்கும் கம்மி. தோல் கம்பெனில அப்படித்தான் பேசுவாங்க."

அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் முகம் வெளுத்தது. "தோலுக்கும் எம்பேத்திக்கும் இன்னாக்கா?" என்றாள், ரொம்ப மெதுவாக.

ஆட்டோவில் போகும்போது குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜுரம் வேர்த்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால் தைரியமாக இருந்திருக்கும். நான் பையனுக்கு போன் போட்டேன். மிஷின் சத்தத்தில் அவன் ஹலோ ஹலோ என்றான். "ஆஸ்பத்திரிக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காவேரிப்பாக்கத்தம்மா வழி முழுக்கக் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தபடி இருந்தாள். 

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். பாட்டிலை வாங்கிப் பார்த்தாள்.

"யாரும்மா குடுத்தது? எவ்ளோ குடுத்தீங்க?"

சரியாக அந்த நேரத்தில்தான் பையன் உள்ளே ஓடி வந்தான். கம்பெனி பூட்ஸோடு, சட்டை முழுக்க நீலத் தோல் சீவல் ஒட்டியிருக்க. மாமியார் அவனைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"எட்டு சொட்டு" என்றாள்.

டாக்டர் முகம் இளகியது. "எட்டு சொட்டுதானே? அது கொடுக்க வேண்டியதவிட கம்மிதான். பயப்பட ஒண்ணும் இல்ல" என்று கையுறையைக் கழற்றப் போனாள். பையன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பொய்யில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. மருமகன் முன்னால், பெண் வீட்டில், குழந்தைக்கு இவள்தான் இப்படிச் செய்தாள் என்ற பேச்சு ஒருமுறை வந்துவிட்டால் சாகிறவரை அது கூடவே வரும். நான் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சைத் தொடங்கியவள் நானாவேன். திறக்காவிட்டால் டாக்டர் அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விடுவாள்.  அவ்வளவு பயத்தை நான் புருஷனைப் பறிகொடுத்த அன்றும் படவில்லை.

டாக்டரிடம் சொல்லவில்லை. அவளிடம்தான் சொன்னேன், தோளைத் தொட்டு.

"அம்மா, நீங்க லாபம், ரெண்டுன்னு எண்ணினது மாடி வரிக்கும் கேட்டுச்சு. சொட்ட யாராவது லாபம்னு எண்ணுவாங்களா?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பையன் கண்ணைத் திறந்து, "அத்தை?" என்றான். அவ்வளவுதான், அவள் டாக்டர் பக்கம் திரும்பி, குழாயைத் தூக்கிப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கொழாய் நெறைய எடுத்தேம்மா. நெறைய நெறைய எடுத்து ஊத்தினேன். எட்டு தடவ. கொஞ்சம் கக்கிடுச்சு. எவ்ளோ கக்குச்சுன்னு தெரியல."

"எட்டு தடவையா, ஒம்போதா? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"லாபத்தோட சேத்து எட்டு."

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தாள். "லாபம்னா ஒண்ணு. மொத்தம் எட்டு" என்றேன். கழற்றிய கையுறையை எறிந்துவிட்டு அவள் புதுசு ஒன்றை மாட்டினாள். அதற்கப்புறம் யாரும் எங்களிடம் நின்று பேசவில்லை. குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். மூக்கில் குழாய் விட்டுக் கரிக் கரைசல் செலுத்தினார்கள். உள்ளே இருந்து வந்த அழுகை குழந்தையின் அழுகை மாதிரியே இல்லை.

டாக்டர் வெளியே வந்து சொன்னது இதுதான். இந்த மருந்து ஜாஸ்தியானால் உடனே ஒன்றும் காட்டாது. குழந்தை நன்றாகவே இருக்கும், விளையாடும். ஈரலைத் தொட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். இப்போதே ரத்தம் எடுத்தால் சரியாக இருக்காது, கொஞ்ச நேரம் போகவிட்டு எடுக்க வேண்டும். அந்த முடிவைப் பார்த்துத்தான் முறிவு மருந்து ஏற்றுவதா என்று சொல்வார்கள்.

காத்திருந்தோம். பையன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எட்டுன்னுதான் சொன்னேன்" என்றான் என்னிடம். "கம்பெனில சொல்றாப்லயே வந்துடுச்சு பெரிம்மா. டாக்டர் பாயிண்ட் எட்டு மில்லின்னாங்க. எனக்கு அது எட்டுதான்."

"எனக்கும்தான்" என்றேன். 

அவன் பெண்சாதி கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க வந்து சேர்ந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. நடந்ததைக் கேட்டாள். புருஷனைப் பார்த்து, "அந்தப் பாயிண்ட் ஒண்ண சேத்து சொன்னா வாய் வலிக்குமா உனக்கு?" என்றாள். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தம்மாவே ஆரம்பித்தாள்.

"நான் ஊருக்குப் போய்டறேன். என் கைல இனிமே புள்ளயக் குடுக்காத."

"போய்ட்டா நான் எப்படி வேலைக்குப் போறது? பேஜார் பண்ணாத. உக்காரு."

உட்கார்ந்தாள். அந்த ‘உக்காரு’ எனக்கு அழகாகப் பட்டது, ஆனால் அழகைப் பார்க்கிற மனசு அப்போது இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எங்கள் நாலு பேர் தலையும் ஒன்றாகத் திரும்பியது.

ரத்தம் எடுத்து, முடிவு வந்தது. நர்ஸ் ஒரு எண்ணைச் சொன்னாள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு அளவின் பெயரையும் சொன்னாள். நான் இத்தனை வருஷத்தில் கேள்விப்படாத பெயர். மைக்ரோ என்று ஆரம்பித்தது. கிராமா, மில்லியா, எதில் எது என்று ஒன்றும் பிடிபடவில்லை. படி, முழம், சதுர அடி, பாயிண்ட் என்று நான் இனம் பிரித்து வைத்த எதிலும் அது அடங்கவில்லை. பையனும் முழித்தான்.

"ஜாஸ்தியா, கம்மியா? அத மட்டும் சொல்லும்மா" என்றேன்.

"கம்மிதான். முறிவு மருந்து தேவப்படாதுன்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா இங்கயே வச்சுப் பாக்கணும். ஈரல் டெஸ்ட் திரும்ப எடுக்கணும்."

கம்மி என்ற சொல்லைக் கேட்டு ஒரு மனுஷிக்கு அவ்வளவு நிம்மதி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அது முழு நிம்மதி இல்லை. திரும்ப டெஸ்ட் எடுத்து, ஈரலுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறவரை நாங்கள் யாரும் குழந்தையின் கண்ணின் வெள்ளையை விட்டு வேறெதையும் பார்க்கவில்லை. வெயிலில் பார்த்தால் வெள்ளையாக இருக்கும், பல்ப் வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சளாகத் தெரியும். திரும்ப ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

பயம் வீட்டுக்கு எங்களோடுதான் வந்தது. காவேரிப்பாக்கத்தம்மா அந்த மருந்து அலமாரிப் பக்கமே போவதில்லை. அரிசி அளந்தாலும் வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். மாடியில் இருந்து கேட்டால் அரிசி விழுகிற சத்தம் மட்டும் வரும். எண் வராது. அது வேறு ஒரு மாதிரி பயமாக இருந்தது எனக்கு.

பிறகு குழந்தை வளர்ந்து, தவழ ஆரம்பித்து, மழைக்காலத்தில் மறுபடி ஜுரம் வந்தது. எடை கூடிவிட்டது என்று டாக்டர் அளவை ஏற்றிக் கொடுத்திருந்தார். ஒரு மில்லி. நானும் வாசலில்தான் இருந்தேன். பையன் வேலைக்குக் கிளம்பி, வண்டியில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்தான். "அத்தை, இந்தத் தடவ பத்…" என்றவன் அப்படியே நின்றான். கம்பெனிப் பேச்சில் ஒரு மில்லி என்றால் பத்து. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. அவன் வண்டியை நிறுத்தி இறங்கி, உள்ளே போய், பெண்சாதியின் நகப்பூச்சை எடுத்து டிராப்பரில் ஒரு மில்லி கோட்டின்மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்தான். "இது வரிக்கும். ஒரே ஒரு தடவ" என்றான். அதை ஊதிக் காயவைத்துவிட்டுத்தான் போனான். கம்பெனிக்கு லேட்.

மதியம் கீழே இருந்து கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் வாங்களேன். ஜுரம் ஏறுது."

போனேன். டிராப்பரை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. "நீங்களே எடுங்கம்மா. நான் கோட்டப் பாக்கறேன்" என்றேன். அவள் ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நான் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோட்டில் மருந்து நின்றது. ஒரு துளி மேலே இருந்ததை அவளே திரும்ப விட்டாள்.

குழந்தையின் கன்னத்து ஓரமாக மெதுவாக விட்டாள். அவள் உதடு அசைந்தது.

"லாபம்" என்றாள்.

ரெண்டு வந்துவிடுமோ என்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தை முழுங்கியது. காவேரிப்பாக்கத்தம்மா பாட்டிலை இறுக்கித் திருகி மூடி என் கையில் கொடுத்தாள். "மேல உங்ககிட்டயே வச்சுக்கங்க அக்கா" என்றாள்.